பேர்லினின் செல்லப் பெடியன்

குத்துச்சண்டை என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாற பேர் முகம்மது அலி. அதுக்குப் பிறகு 2021 இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தின் கபிலன். மற்றப்படி மன்னாரில் உதைபந்தாட்டம்தான் எல்லாம். பள்ளிமுனை, பேசாலை, வங்காலை என்று எந்தப் பக்கம் போனாலும் பின்னேரத்தில் பந்துதான் உருளும். இலங்கைக்கும் குத்துச்சண்டையில் ஒரு பழைய பெருமை இருக்கிறது. 1938 இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற பார்னி ஹென்றிகஸ் ஒரு குத்துச்சண்டை வீரர். ஆனால் நாங்கள் இங்கே எழுதப்போவது அவரைப் பற்றி இல்லை. ஒரு ஜேர்மன்காரரைப் பற்றி.

அவருடைய பெயர் குஸ்தாவ் ஷோல்ஸ். பேர்லின் சனம் அவரை 'பூபி' என்றுதான் கூப்பிட்டது. ஜேர்மன் மொழியில் அது சின்னப் பெடியனைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல். 34 வயதில் கையுறையைக் கழற்றும்போதும், 70 வயதில் செத்தபோதும் அவர் 'பூபி'தான்.

அவருடைய கதையை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. யுத்தம் முடிந்த ஒரு ஊரில் சனத்துக்கு ஒரு வீரன் எவ்வளவு தேவைப்படுகிறான், அவனை எப்படித் தூக்கி வைக்கிறார்கள், பிறகு அவன் வீட்டுக்குள் நடக்கிறதை எப்படிப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு வாழ்க்கைக்குள் இருக்கிறது. யுத்தம் முடிந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

இடிபாட்டு நகரம்

ஷோல்ஸ் பிறந்தது 1930 ஏப்ரல் 12 இல், பேர்லினின் பிரென்ஸ்லவர் பேர்க் பகுதியில். உழைக்கும் சனம் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. தகப்பன் ஒரு கொல்லர். ஹிட்லர் ஆட்சிக்கு வரும்போது பிள்ளைக்கு இரண்டே முக்கால் வயது. 1945 மே மாதம் பேர்லின் விழும்போது 15 வயது. அதாவது பள்ளிக்கூடக் காலம் முழுக்க நாஸிகளின் காலம். பெடியனாக நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் ஊரே கல்லும் மண்ணும்.

அந்தப் பேர்லினைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கோ. நகரத்தை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் யூனியன் என்று நான்கு நாடுகள் பிரித்து வைத்திருந்தன. சாப்பாட்டுக்குப் பங்கீட்டு அட்டை. அட்டைக்குக் கிடைக்கிறது வயிற்றுக்குக் காணாது. அதனால் கறுப்புச் சந்தை. அங்கே காசுக்கு மதிப்பில்லை. அமெரிக்க சிகரெட்தான் காசு. ஆம்பிளைகளில் கனபேர் செத்துவிட்டார்கள், மிச்சப்பேரில் பலர் கைதிகளாக இருந்தார்கள். இடிந்த கட்டடங்களின் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சுத்தியலால் சுண்ணாம்பைத் தட்டி, வாளியில் கைமாற்றி அடுக்கியவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஜேர்மன்காரர் அவர்களை 'இடிபாட்டுப் பெண்கள்' என்றே சொல்லுகிறார்கள். இந்தப் பெண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. கட்டுரையின் கடைசியில் இவர்களிடம் திரும்பி வரவேணும்.

1948 யூன் 24 இல் சோவியத் படை மேற்கு பேர்லினுக்குப் போகும் தரைப்பாதைகளையும் நீர்ப்பாதைகளையும் அடைத்தது. சுமார் 20 இலட்சம் சனம் உள்ளே. மாவும் நிலக்கரியும் பால்மாவும் விமானத்தில் வந்தன. சில விமானிகள் சின்னப் பிள்ளைகளுக்கு இனிப்புகளையும் போட்டார்கள். தடை 1949 மே 12 இல்தான் எடுபட்டது. பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று எங்கட தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990களில் வடக்குக்கு மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் வராத நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது.

அந்தத் தடை நடந்த 1948 இல்தான், 18 வயதில், ஷோல்ஸ் காசுக்குக் குத்துச்சண்டை போடுகிற தொழில்முறை வீரர் ஆகிறார். தீவிரமாகப் பழகத் தொடங்கி அதிக காலமும் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில், அதே பேர்லினில், ஜேர்மனியின் பழைய பெருமை மக்ஸ் ஷ்மெலிங் தன்னுடைய கடைசிச் சண்டையைப் போட்டார். 1930 இல் உலக ஹெவிவெயிற் சம்பியன் ஆனவர், யுத்தத்தில் எல்லாம் போய், காசுக்காக 40 வயது கடந்தபிறகு திரும்பவும் ரிங்கில் ஏறித் தோற்றார். பழைய வீரன் இறங்கின அதே வருடம் புதுப் பெடியன் ஏறினான்.

இந்த ரிங்கில் முன்பு நடந்தது

ஷோல்ஸின் வெற்றிகளுக்குப் போகமுதல் ஒரு விசயம் சொல்லவேணும். யுத்தத்துக்குப் பிறகு ஜேர்மன்காரர் குத்துச்சண்டையைச் சும்மா ஒரு புதிய விளையாட்டுப் போலக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த ரிங் சுத்தமான இடம் இல்லை.

1933 யூன் மாதம் பேர்லினில் யோகான் றுக்கேலி ட்ரோல்மன் என்ற வீரர் ஜேர்மன் லைற் ஹெவிவெயிற் சம்பியன் ஆனார். அவர் சிந்தி சமூகத்தவர். 'ஜிப்சி' என்று இழிவாகச் சொல்லப்பட்ட சனம். நாஸிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சங்கம் சில நாட்களிலேயே பட்டத்தைப் பறித்தது. கால்களால் அசைந்தசைந்து ஆடுகிற அவருடைய பாணி ஜேர்மன் பாணி இல்லையாம். அடுத்த சண்டைக்கு அவர் தலைமயிரை மஞ்சளாகச் சாயம் போட்டு, உடம்பெல்லாம் மா பூசி, வெள்ளை ஆளாக வந்து நின்றார். அசையாமல் நின்று அடி வாங்கி விழுந்தார். அவர்களைக் கேலி செய்ய அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது. 1944 இல் வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஜேர்மன் குத்துச்சண்டைச் சங்கம் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது 2003 இல், அதாவது 70 வருடம் கழித்து.

ஷோல்ஸ் பலமுறை சண்டைபோட்ட பேர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கமும் அப்படித்தான். 1943 பெப்ரவரியில் கோயபல்ஸ் சனத்தைப் பார்த்து முழு யுத்தம் வேணுமா என்று கேட்டு, சனம் ஓமென்று கத்தின அதே மண்டபம். சில வருடங்களில் அதே இடத்தில் பூபிக்காகக் கைதட்டினார்கள். சனம் எதை ஞாபகம் வைக்கும், எதை விடும் என்பதுக்கு இது ஒரு உதாரணம். எங்களிடமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டபோது, ஊர் மைதானங்களில் சேர்ந்து விளையாடினவர்களும் சேர்ந்துதான் போனார்கள். எங்கட விளையாட்டுக் கதைகளில் அது எத்தனை தரம் வருகிறது?

இடதுகைக்காரன்

இனி ரிங்குக்கு வருவோம். ஷோல்ஸ் இடதுகைக்காரர். வழமையான வீரன் இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பான். வலது கைதான் பலமான அடி. இடதுகைக்காரன் இதைத் தலைகீழாக நிற்பான். எதிராளிக்கு வாழ்நாள் முழுக்கப் பழகின கணக்கு குழம்பிப்போகும். அடி வராத பக்கத்திலிருந்து அடி வரும். ஷோல்ஸ் மெலிந்த, உயரமான, அழகான பெடியன். இடித்துத் தள்ளுகிற ஆள் இல்லை. தூரத்தைக் கணக்குப் பார்த்து, எதிராளி உள்ளே வரும்வரை பொறுத்திருந்து, இடதுகையால் முடிக்கிற ஆள்.

1951 இல் ஜேர்மன் வெல்ற்றர்வெயிற் சம்பியன். பிறகு எடை கூடி மிடில்வெயிற். 1955 இல் காசநோய். நுரையீரலால் பிழைக்கிற ஒரு விளையாட்டுக்காரனுக்கு நுரையீரலிலேயே நோய். 25 வயதில் கதை முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். சிகிச்சை எடுத்து, திரும்பி வந்து, 1957 இல் பீற்றர் முல்லரை விழுத்தி ஜேர்மன் மிடில்வெயிற் பட்டத்தையும் எடுத்தார். இந்த முல்லர் கொலோன் நகரத்தின் செல்லம். 1952 இல் ஒரு சண்டையின் நடுவில் கோபத்தில் நடுவரையே அடித்து விழுத்தினவர்.

1948 இலிருந்து பத்து வருடத்துக்கு ஷோல்ஸ் ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. முதல் தோல்வி 1958 இல் பாரிஸில், ஷார்ல் உமேஸ் என்ற பிரெஞ்சு வீரரிடம். உமேஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து வந்தவர். அடி விழ விழ முன்னுக்கு வருகிற ரகம். அதே வருடம் ஒக்டோபர் 4 இல் பேர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் திரும்பவும் அவரையே ஷோல்ஸ் சந்தித்தார். 12 ஆவது சுற்றில் உமேஸால் தொடர முடியவில்லை. ஷோல்ஸ் ஐரோப்பிய சம்பியன்.

மேற்கு ஜேர்மனியில் அது 'பொருளாதார அதிசயம்' என்று சொல்லப்பட்ட காலம். 1954 இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை வென்றிருந்தார்கள். கார், ரேடியோ, புதுச் சட்டை, புது வீடு என்று சனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. இடிபாட்டிலிருந்து வந்த கொல்லனின் மகன், கோட் சூட் போட்டு, நல்ல கார் ஓட்டி, சினிமாவில் நடித்து, பாட்டும் பாடி இசைத்தட்டு வெளியிட்டால் வேறென்ன வேணும்? 1980 இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பும் 'ஒன்றுமில்லாததிலிருந்து வந்த வழி' என்ற அர்த்தத்தில்தான். அது அவருடைய தலைப்பு மட்டுமில்லை. ஒரு தலைமுறை முழுக்கத் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பின கதை.

இந்தக் காலத்தில் அவருடைய மனைவி ஹெல்கா. பேர்லினில் அவர்கள் வாசனைத் திரவியக் கடைகள் நடத்தினார்கள். பத்திரிகைகளில் இருவரும் அழகான சோடி. ஹெல்காவைப் பற்றி அந்தப் பத்திரிகைகள் எழுதினது பெரும்பாலும் அவ்வளவுதான்: பூபியின் மனைவி.

1962 யூன் 23

1961 ஓகஸ்ட் 13 இல் பேர்லின் சுவர் எழும்பியது. ஷோல்ஸ் பிறந்த பிரென்ஸ்லவர் பேர்க் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. பத்து மாதத்துக்குப் பிறகு, மேற்கு பேர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் உலக லைற் ஹெவிவெயிற் பட்டத்துக்கான சண்டை. எதிரில் அமெரிக்காவின் ஹரோல்ட் ஜோன்சன். அந்த எடையில் அவ்வளவு நுட்பமாகச் சண்டைபோட்டவர்கள் குறைவு என்று இன்றும் சொல்லுகிறார்கள்.

1936 இல் ஹிட்லர் தன்னுடைய ஒலிம்பிக்கை நடத்தின அதே மைதானம். சுமார் 40,000 பேர் வந்திருந்தார்கள். அப்போது உலகப் பட்டச் சண்டை 15 சுற்று. ஒரு சுற்று மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. அதாவது 45 நிமிட அடிபிடி. ஷோல்ஸ் கடைசிவரை நின்றார். ஆனால் புள்ளிக் கணக்கில் ஜோன்சன் வென்றார். ஷோல்ஸின் வாழ்க்கையில் அது இரண்டாவது தோல்வி, கடைசித் தோல்வியும் அதுதான். உலகப் பட்டத்துக்கு இன்னொரு சந்தர்ப்பம் வரவில்லை.

1964 இல் இத்தாலியின் ஜூலியோ ரினால்டியுடன் சண்டை. ரினால்டி விதிமீறலுக்காக நீக்கப்பட, ஷோல்ஸுக்கு ஐரோப்பிய லைற் ஹெவிவெயிற் பட்டம் கிடைத்தது. அந்த வருடமே விலகினார். மொத்தம் 96 சண்டை: 88 வெற்றி, 6 சமநிலை, 2 தோல்வி. ஒரு விளையாட்டுக்காரன் இதைவிட நல்ல கணக்கோடு வீட்டுக்குப் போவது அபூர்வம்.

கையுறையைக் கழற்றின பிறகு

'சார்பட்டா'வில் கபிலன் குடியில் விழுகிறான், பிறகு எழும்பி வந்து வேம்புலியை வெல்லுகிறான். படம் அங்கே முடியும். வாழ்க்கையில் அதுக்குப் பிறகும் முப்பது வருடம் இருக்கும். ஷோல்ஸ் அந்த முப்பது வருடத்தை எப்படிக் கழித்தார்?

கடை, விளம்பரத் தொழில், விருந்துகள், பிரபலமான சிநேகிதர்கள். எல்லா விருந்திலும் குடி. வயது போகப் போக, சனம் பழைய பூபியைத்தான் கேட்டது. அந்தப் பூபி திரும்பி வரமாட்டான் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். குடி கூடியது. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். 'பாவம் பூபி' என்றுதான் கதைத்திருப்பார்கள்.

1984 யூலை 22 இல் பேர்லினில் அவர்களின் வீட்டில், மூடியிருந்த குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹெல்கா. இந்தப் பக்கம் துவக்கோடு ஷோல்ஸ். கதவைத் துளைத்துக்கொண்டு போன வெடியில் ஹெல்கா இறந்தார்.

அடுத்த வருடம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெறியில் இருந்தார், துவக்கு தவறுதலாக வெடித்தது என்பது அவர் பக்கத்து வாதம். நீதிமன்றம் அதைக் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றமாகவும், அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றமாகவும் எடுத்தது. மூன்று வருடச் சிறை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலுக்கு ஜேர்மன் சட்டத்தில் ஆகக்கூடிய தண்டனை ஐந்து வருடம். அந்தக் கதவுக்குப் பின்னால் அந்த இரவு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய இரண்டு பேரில் ஒருவர் செத்துவிட்டார். மற்றவரின் கதைதான் மிஞ்சியது.

சிறையிலிருந்து வெளியே வந்து திரும்பவும் கலியாணம் செய்தார். பக்கவாதம் வந்தது, மறதி நோய் வந்தது. 1998 இல் அவருடைய வாழ்க்கையை ஜேர்மன் தொலைக்காட்சி இரண்டு பாகப் படமாக எடுத்தது. பெரிய நடிகர் கொட்ஸ் கேயோர்க் வயதான ஷோல்ஸாக நடித்தார். படத்தின் பெயர் 'பூபி ஷோல்ஸ் கதை'. 2000 ஓகஸ்ட் 21 இல் பேர்லினுக்குப் பக்கத்தில் இறந்தார்.

யாருடைய துயரம்?

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு சொல்லைப் பாவிப்பார்கள்: வீழ்ச்சி. உச்சத்துக்குப் போன வீரனின் வீழ்ச்சி, துயரம். அந்தச் சொல்லில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கொல்லப்பட்டவர் ஹெல்கா, துயரக் கதையின் நாயகன் பூபி. மனைவியின் சாவு புருசனுடைய வாழ்க்கைக் கதையில் ஒரு சோகமான அத்தியாயமாக மட்டும் சுருங்கிப்போகிறது.

இது ஜேர்மனியில் மட்டும் நடந்த விசயமும் இல்லை. ஆர்ஜென்ரீனாவின் கார்லோஸ் மொன்சோன் 1970 முதல் 1977 வரை உலக மிடில்வெயிற் சம்பியன். 1988 பெப்ரவரி 14 இல் மார் டெல் பிளாட்டா நகரில் அலிசியா முனீஸ் என்ற பெண்ணை, தன் பிள்ளையின் தாயை, கொன்றார். 11 வருடச் சிறை. 1995 இல் சிறையிலிருந்து விடுப்பில் வந்தபோது கார் விபத்தில் செத்தார். செத்தவீட்டுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. அவருக்குச் சிலையும் வைத்தார்கள். பிறகு 2015 இல் 'இனி ஒருத்தியும் குறையக்கூடாது' என்று ஆர்ஜென்ரீனப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அலிசியாவுக்கு நடந்ததைப் பெண்கொலை என்று பேர் சொல்லியே இப்போது கதைக்கிறார்கள். ஒரு சொல் மாறினால் கதையின் நாயகனும் மாறுகிறான்.

இன்னொரு சமாதானமும் சொல்லுவார்கள்: யுத்தத்தில் வளர்ந்த பெடியன், அடிக்கிறதைத் தவிர வேறொன்றும் தெரியாது, குடித்துத்தான் மறந்தான். யுத்தம் மனிதரை என்ன செய்யும் என்று எங்களுக்கும் தெரியும். அதைச் சின்னதாக்க வரவில்லை. ஆனால் அந்த இடிபாட்டுப் பெண்களைத் திரும்பப் பாருங்கோ. அதே குண்டு, அதே பசி, அதே பங்கீட்டு அட்டை. ஆம்பிளையைவிட அதிகமாகவும் அனுபவித்தார்கள்; பேர்லின் விழுந்த நாட்களில் பெண்களுக்குப் படைகளால் நடந்த கொடுமை உலகறிந்தது. அவர்கள் கல்லைத் தூக்கி அடுக்கினார்கள். ஹெல்காவும் அதே யுத்தத்துக்குள் வளர்ந்த தலைமுறைதான். யுத்தம் ஒரு காரணமாக இருக்கலாம். மன்னிப்புக் கடிதமாக அதை எழுதிக் கொடுக்க முடியாது.

எங்கட பக்கம்

2009 க்குப் பிறகு எங்கட பக்கத்திலும் எல்லாம் திரும்பக் கட்டப்பட்டது. 2010 இல் மன்னார்ப் பாலம். 2015 இல் தலைமன்னாருக்கு றெயில் திரும்பி வந்தது. மைதானங்களுக்கு மின்விளக்கு, கழகங்களுக்குப் புதுச் சீருடை, வெற்றிக் கிண்ணத்தோடு ஊர்வலம். எல்லாம் நல்லதுதான், எங்களுக்கும் கைதட்ட ஆள் வேணும். ஆனால் அந்த ஊர்வலத்தில் தோளில் ஏறி வாற அண்ணா, வீட்டில் அக்காவுக்கு அடிக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் 'அது அவங்கட குடும்ப விசயம்' என்று விடுகிறோம். 'வெறியில செய்திட்டான், மற்றப்படி நல்ல பெடியன்' என்ற வசனத்தைக் கேட்காதவர் எங்களில் யார்? பேர்லினில் சொன்னதும் ஏறக்குறைய அதே வசனம்தான். பூபி என்ற அந்தச் செல்லப் பேருக்குள்ளேயே அது இருந்தது: பெடியன்தானே, விடுங்கோ.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அடிப்பவர் ஊருக்கு எவ்வளவு பெரிய வீரன் என்று சட்டம் கேட்கிறதில்லை. அதைக் கேட்கிறது நாங்கள்தான்.

எங்கட கழகங்களிடம் கேட்க ஒரு விசயம் இருக்கிறது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை மைதானத்துக்குள் இருக்கிறது. நடுவரைத் தள்ளினால் தடை போடுகிறீர்கள். வீட்டில் கை நீட்டினவனுக்கு உங்கட யாப்பில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுதலாம்.

ஷோல்ஸ் பெரிய வீரர் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 96 சண்டையில் இரண்டே தோல்வி என்ற கணக்கு அப்படியே இருக்கட்டும். அதுக்குப் பக்கத்தில் இன்னொரு வரியையும் எழுதவேணும். ஹெல்கா ஷோல்ஸ், 1984 யூலை 22. பூபியின் கதையை யாருக்காவது சொல்லப்போனால் இந்தப் பேரையும் திகதியையும் சேர்த்தே சொல்லுங்கோ.